ஆர்மோனியத்தைக் காக்கும் பூனைகள்



நாடகத்தைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைப் பணித்தனர். நான் நடிகன் அல்லேன். நாடக நூல் எழுதியவனும் அல்லேன். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் சொல்லி, 2019-ஆம் ஆண்டில் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். நாடகத்தைக் குறித்து நான் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, சென்ற கோடையில் என் வீட்டில் தங்கியிருந்த இரண்டு பூனைகளின் வாயிலாக எனக்குக் கிடைத்தது. ஆகவே பூனைகளிலிருந்தே தொடங்க வேண்டியவனாக இருக்கின்றேன். நகைக்க வேண்டா, சிறிது பொறுத்துக் கேளுங்கள்.

புதுக்கோட்டையில் திருக்கோகர்ணத்துக்கு அண்மையில் என் வீடு இருக்கின்றது. பங்குனி மாதத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவின் கோடியில் குடியிருப்பவர் ஒருவர் மூங்கிற் கூடையுடன் வாயிலில் வந்து நின்றார். நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பது அவர் தொழில். முன்னொரு காலத்தில் என் வகுப்பில் பயின்றவர். “ஐயா, ஆடி வரையில் எனக்கு வெளியூர் நாடகம் அடுத்தடுத்து இருக்கின்றது. மனைவியும் மகளும் பேறுகாலத்துக்காக மைத்துனி வீட்டுக்குப் போகின்றார்கள். இவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார். கூடைக்குள் இரண்டு பூனைகள் இருந்தன. ஆண் பூனையின் பெயர் நாரதர். பெண் பூனையின் பெயர் வள்ளி.

மறுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க இயலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

“ஆர்மோனியம் வாசிப்பவருக்குப் பூனை எதற்கு?” என்று வினவினேன். “எலிக்காக, ஐயா” என்றார். ஆர்மோனியத்தின் உயிர் அதன் துருத்தியில் இருக்கின்றது. துருத்தி தோலாலும் துணியாலும் பசையாலும் ஆனது. எலிக்கு இம்மூன்றும் விருந்து. ஓர் இரவு ஓர் எலி புகுந்தால் காற்று ஒழுகும். காற்று ஒழுகினால் சுருதி நில்லாது. நாடகக்காரர் வீட்டில் திரைச்சீலை இருக்கும், உடுப்புப் பெட்டி இருக்கும், மிருதங்கத்தின் தோல் இருக்கும். இவற்றையெல்லாம் சம்பளம் வாங்காமல் காப்பது பூனை.

இஃது இங்கு மட்டும் உள்ள வழக்கம் அன்று. இலண்டன் மாநகரத்து நாடக அரங்குகளிலும் எலி பிடிப்பதற்கெனப் பூனை வளர்த்தனர். அங்கே ‘கீல்குட்’ என்னும் அரங்கில் பீர்போம் என்ற பூனை நெடுங்காலம் வாழ்ந்தது. நடிகர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையைக் குறுக்கே கடந்து போகும் துணிவு அதற்கு இருந்தது. 1995-இல் அது மறைந்தபோது, நாடகத் தொழிலுக்குரிய ஒரு செய்தித்தாள் முதற் பக்கத்திலேயே அதன் மறைவைப் பற்றி எழுதிற்று. நம் நாட்டிலோ பூனை மேடையேறியே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாயின எனலாம். மாமல்லபுரத்துப் பெருஞ்சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை உயர்த்தித் தவசி வேடம் புனைந்திருக்கும் பூனையை நீங்கள் சுற்றுலாவில் கண்டிருப்பீர்கள். அதன் அடியில் எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. வேடமும் உண்டு, அவையும் உண்டு. நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்?

மனிதனும் பூனையும் ஒன்றுசேர்ந்த கதையும் எலியின் கதையே. மேற்காசியாவில் மக்கள் தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கிய காலத்தில், எலியைத் தேடி வந்த காட்டுப்பூனை மனிதரை அடுத்து வாழத் தலைப்பட்டது. சைப்ரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், ஒரு மனிதனின் அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2004-இல் வெளியிட்டனர்.

எங்கள் வீட்டுக்கு வருவோம். நாங்கள் மரக்கறி உண்பவர்கள். முதல் நாள் என் மனைவி இரு கிண்ணங்களில் பால் வைத்தாள். பூனைக்குப் பால் என்பது நம் மொழியிலேயே ஊறிப்போன எண்ணம். கம்பர் பெருமானும் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் பருகிவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை உவமித்துக்கொண்டார். உண்மை என்னவெனில், வளர்ந்த பூனைகளுள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. மறுநாள் காலையில் கூடத்தைக் கழுவியவன் நான்; ஆதலால் இதனை நூலறிவாக அன்றிப் பட்டறிவாகவே கூறுகின்றேன். பூனை ஊன் உண்ணும் உயிர். ஊனில் உள்ள சில சத்துகள் இன்றேல் அதன் கண்ணும் நெஞ்சும் பழுதுறும். கால்நடை மருத்துவர் இதனை விளக்கியபின், அடுத்த வீட்டு அம்மையார் நாள்தோறும் முள் நீக்கி அவித்த மீனைக் கொல்லைப்புறத் திண்ணையில் வைத்துச் செல்ல ஏற்பாடாயிற்று. வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டோம். மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரை பூனைக்கு நஞ்சாகும் என்பதையும் அவரே எச்சரித்தார். பூனை வளர்க்கும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.

நாரதரின் குறும்புகளைச் சொல்லப் புகுந்தால் நேரம் போதாது. பரண்மேல் ஏறி ஊறுகாய் ஜாடியை உருட்டினார். (விலங்குதான்; ஆயினும் அப்பெயருக்கு மரியாதை விகுதியை விட எனக்கு மனம் வரவில்லை.) நாற்காலியின் பிரம்பைக் கீறினார். விடியற்காலை நான்கு மணிக்கு என் மார்பின்மேல் அமர்ந்து முகத்தைத் தட்டினார். வள்ளி அமைதியானவள் என்று நம்பியிருந்தோம். அவள் அரிசிப் பானைக்குள் உறங்கிக்கொண்டிருந்ததை என் மனைவி கண்ட நாளில் அந்நம்பிக்கையும் அகன்றது.

நான் என்ன செய்தேன்? முப்பத்தைந்து ஆண்டுகள் செய்ததையே செய்தேன். குரலை உயர்த்தினேன். பிரம்பைக் காட்டினேன். ஒரு வாரத்தில் பலன் தெரிந்தது. நான் கூடத்தில் இருக்கும்போது நாரதர் நாற்காலியைக் கீறுவதில்லை. நான் வெளியே சென்றதும் கீறினார். கீறக்கூடாது என்பதை அவர் கற்கவில்லை. தலைமையாசிரியர் இருக்கும்போது கீறக்கூடாது என்பதைக் கற்றுக்கொண்டார்.

அப்பொழுதுதான் எனக்குத் தார்ண்டைக் நினைவுக்கு வந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரையும் கேட்டுப் பாருங்கள். தார்ண்டைக்கின் பூனையை அறியாதவர் இரார். எட்வர்டு தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், 1898-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பசித்த பூனையை ஒரு மரக்கூண்டில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். தாழை நீக்கும் வழி அறியாத பூனை கடித்தது, பிறாண்டியது, கம்பிகளுக்கிடையே நுழைய முயன்றது. தற்செயலாக ஒருமுறை தாழ் நீங்கிற்று. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, வீண் முயற்சிகள் குறைந்து, வெளிவரும் நேரமும் படிப்படியாகக் குறைந்தது. இதிலிருந்து முயன்று தவறிக் கற்றல் என்னும் கொள்கையும், விளைவு விதியும் பிறந்தன. இன்பம் தரும் விளைவு செயலை வலுப்படுத்தும். துன்பம் தரும் விளைவு தளர்த்தும் என்று அவர் முதலில் கூறினார். பின்னர், 1930-களில், தம் கூற்றைத் தாமே திருத்திக்கொண்டார். பரிசு செயலை வலுப்படுத்துவது மெய். தண்டனை அதே அளவுக்குச் செயலைத் தளர்த்துவதில்லை என்று கண்டார். தம் கொள்கையில் பாதியைத் தாமே விலக்கிக்கொள்ளும் நேர்மை எல்லாருக்கும் வாய்ப்பதன்று.

1983-இல் பி.எட். தேர்வில் இவ்வினாவுக்குக் கூண்டின் படம் வரைந்து நான் விடை எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். உயிருள்ள ஒரு பூனையை மட்டும் அறுபது வயதுக்குப் பின்னரே பேணினேன்.

பிரம்பை எடுத்து உள்ளே வைத்தேன். ஒரு பலகையில் கோணிப்பையைச் சுற்றிக் கட்டி நாற்காலியின் அருகில் சாய்த்து வைத்தேன். நாரதர் அதைக் கீறிய பொழுதெல்லாம் ஒரு துண்டு மீன் கிடைத்தது. பத்து நாளில் நாற்காலி தப்பியது. இரவு உணவை நாங்கள் படுக்கும் நேரத்துக்குத் தள்ளி, அதற்கு முன் ஒரு கயிற்றைக் கொண்டு சிறிது ஓடியாட வைத்தோம். நான்கு மணித் துயிலெழுப்பல் ஐந்தரைக்குப் போயிற்று. அதற்கு மேல் அவரும் இணங்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இனி, அந்த நண்பரை என்னால் மறுக்க இயலாமற்போன காரணத்தைக் கூறுகின்றேன்.

1994-ஆம் ஆண்டில் அவர் ஒன்பதாம் வகுப்பில் என் மாணவர். பதினான்கு வயதுச் சிறுவன். பங்குனி தொடங்கிவிட்டால் முற்பகல் வகுப்பிலேயே உறங்கிவிடுவான். அவன் தந்தையும் ஆர்மோனியம் வாசிப்பவர். இரவெல்லாம் மகனைப் பக்கத்தில் அமர்த்திக் கொண்டு வாசிப்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு நாள் அவனை எழுப்பி நிறுத்தி, “கூத்தாடி வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?” என்று நாற்பது மாணவர் முன்னிலையில் கேட்டேன். வகுப்பு நகைத்தது. மறு வாரம் அவன் வரவில்லை, பின்னரும் வரவில்லை. பள்ளியில் உடலை வருத்துவதையும் மனத்தை வருத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கின்றது. அன்று அச்சட்டம் இல்லை என்று நான் ஒதுங்கிக்கொள்வதற்கில்லை. அச்சொல் தவறென்று அறியச் சட்டம் வேண்டியதில்லை.

வைகாசியில் ஒரு நாள் அவர் ஊருக்கு வந்திருந்தார். “நாளைப் பிற்பகலில் நம் ஊரிலேயே நாடகம், ஐயா. வழக்கமாக இரவில்தான் நடக்கும். இது மண்டபத்தில் பகலில் ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். தாங்கள் வரவேண்டும்” என்றார். பூனைகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுச் சென்றேன்.

மாணவர்களே, ஸ்பெஷல் நாடகம் என்று நம் பக்கத்தில் வழங்குவதன் இயல்பை நீங்கள் அறிதல் வேண்டும். இதற்குக் குழு இல்லை, ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன், மிருதங்கக்காரர், ஆர்மோனியக்காரர் ஆகியோர் தனித்தனியே ஏற்பாடு செய்யப்பட்டு வருவர். ஒவ்வொருவரையும் தனியே ‘ஸ்பெஷலாக’ அமர்த்துவதால்தான் அப்பெயர். முன்பின் அறியாத இருவர் மேடையில்தான் முதன்முதலாகச் சந்தித்து, கணவனும் மனைவியுமாகவோ காதலராகவோ பாடி வாதிட நேரும். இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும்வரை இவ்வாறு நடத்துவர். பாடத்திட்டம் எழுதாமல் வகுப்புக்குள் நுழைய அஞ்சிய எனக்கு இது பெருவியப்பாக இருந்தது.

இவர்களை ஒன்றாகக் கட்டுவது சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக நூல்கள். சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922-இல் புதுச்சேரியில் மறைந்தவர். நம் ஊருக்கும் அவருக்கும் உறவுண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் தங்கித் தாள நுட்பங்களைக் கற்றார். அவரைப் பிள்ளையவர்கள் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார் என்பர். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்ததை, அவரிடம் சிறுவராகப் பயின்ற டி.கே. சண்முகம் தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார். சிறுவர் நாடகக் கம்பெனிகளில் பயின்ற நம் ஊர்ப் பிள்ளைகளுள் ஒருவர் பி.யு. சின்னப்பா. 1916-இல் இங்கே பிறந்து, 1940-இல் வந்த ‘உத்தமபுத்திரன்’ திரைப்படத்தில் இரட்டை வேடம் ஏற்றுத் தமிழகத்தையே வியக்க வைத்தார். அவர் தந்தையாரும் நாடக நடிகரே. நான் ‘கூத்தாடி வீடு’ என்று இகழ்ந்த வீடுகள் இத்தகையவை.

அன்று நடந்தது வள்ளி திருமணம். பபூன் வந்து போனார். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டம் வந்தது. நாரதராக நடித்தவர் முதியவர். பழுத்த தமிழறிவு உடையவர். வள்ளியோ இருபது வயதைச் சிறிது கடந்த பெண். இருவரும் அன்றுதான் முதன்முதல் சந்தித்தனர் என்று பின்னர் அறிந்தேன். நாரதர் நூலில் இல்லாத ஒரு வினாவை, ஒரு சொல்லுக்கு இரு பொருள் வைத்துத் தொடுத்தார். மண்டபம் ஆரவாரித்தது. அந்தப் பெண்ணுக்கு விடை தோன்றவில்லை. அவள் கண் ஒரு கணம் கலங்கியதை முன்வரிசையில் இருந்த நான் கண்டேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் அக்கண்களை நான் எத்தனையோ முகங்களில் கண்டிருக்கின்றேன்.

மேடையின் ஓரத்தில் ஆர்மோனியத்தின் முன் இருந்த என் பழைய மாணவர், அவள் சற்றுமுன் பாடி முடித்த பாட்டின் கடைசி அடியைத் தாம் எடுத்துப் பின்பாட்டாகப் பாடினார். ஒருமுறை பாடினார், மறுமுறை மேலே ஏற்றிப் பாடினார், மூன்றாம் முறை மெல்ல இறக்கிக் கொண்டுவந்தார். கேட்டவர்கள் அதை இசையின் அழகென்று எண்ணிக் கைதட்டினர். அதற்குள் ஏறத்தாழ ஒரு நிமிடம் கழிந்தது. அந்த நிமிடத்தில் அவள் விடையைக் கண்டுகொண்டாள். சொன்னாள். நல்ல விடை. முதியவரே தலையசைத்துப் பாராட்டினார். ஆர்மோனியக்காரர் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. துருத்தியை இழுத்து அடுத்த பாட்டுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியபோது, பூட்டிய வீட்டினுள் நாரதர் என் வேட்டிகளைக் கொடியிலிருந்து இழுத்து அவற்றின்மேல் வள்ளியுடன் உறங்கிக்கொண்டிருந்தார். அன்று அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நாவெழவில்லை.

ஆடி மாதம் முடியும் தறுவாயில் நண்பர் வந்தார். வடகாட்டுப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். காப்பி அருந்தியபின், 1994-இல் நான் கூறிய சொல்லை நானே எடுத்துரைத்து, “அது பெருந்தவறு, என்னை மன்னிக்க வேண்டும்” என்றேன். வயதிற் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்பது கடினம் என்பர். அதனினும் கடினம் அதனை முப்பது ஆண்டு கேளாமல் இருந்ததுதான்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நான் உறங்கினேன் என்பது மெய்தானே, ஐயா” என்று தொடங்கினார். “ஆனால் தாங்கள் சொன்ன சொல்லை வீட்டில் நான் சொல்லவில்லை. எனக்குப் படிப்பு வரவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாகும்வரையில் அப்படியே நம்பியிருந்தார். தாம் இரவில் அழைத்துச் சென்றதால்தான் என் படிப்புக் கெட்டது என்று கடைசி வரையில் வருந்தினார். அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை” என்றார்.

நான் என்ன மறுமொழி கூற இயலும்? மன்னித்தேன் என்று அவர் கூறவில்லை. மன்னிக்கவில்லை என்றும் கூறவில்லை. கூடையைத் திறந்து பூனைகளை அழைத்தார். நாரதர் உடனே ஏறிக்கொண்டார். வள்ளி பரணிலிருந்து இறங்க மறுத்தாள். அவளை இறக்குவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வரை மணி நேரத்தில், எங்களிடையே இருந்த இறுக்கம் ஓரளவு தளர்ந்தது என்று எனக்குத் தோன்றிற்று. போகும்போது, “என் மகள் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு. கணக்கு அவளுக்குக் கடினமாக இருக்கின்றது. மாலையில் அனுப்பட்டுமா, ஐயா?” என்று கேட்டார்.

அந்தப் பெண் இப்போது நாள்தோறும் ஆறு மணிக்கு வருகின்றாள். பூனைகளும் அவள் பின்னாலேயே வந்துவிடுகின்றன. சில நாள்களில் முதல் நாள் இரவு தந்தையுடன் நாடகத்துக்குச் சென்று வந்திருப்பாள், கண் சொருகும். அப்போது நான் நாளிதழை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிடுவேன். கால் மணி நேரம் உறங்கி எழுந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வாள். நேற்று நாரதர் அவளுடைய கணக்குப் புத்தகத்தின்மேல் படுத்துக்கொண்டார். அவரை எழுப்பாமல் பக்கத்தைப் புரட்டுவது எவ்வாறு என்று அவள் நெடுநேரம் முயன்றுகொண்டிருந்தாள்.